ஐயாயிரமாவது பக்கம்

'மொத்தம் 1,00,000 முடிவுகள், 5,000 பக்கங்கள்' என்று திரையில் ஜம்பமாகப் போட்டிருக்கும். கடைசிப் பக்கத்தை அழுத்துங்கள். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்துக்கு 'லிமிட் 20 ஆஃப்செட் 99,980' என்று உத்தரவு போகும். அது 99,980 வரிசைகளைச் சிரத்தையாகப் படித்து, அத்தனையையும் குப்பையில் கொட்டிவிட்டு, மிச்சம் இருபதை நீட்டும். புதியவை முதலில் வரும் பட்டியலில், நீங்கள் பக்கம் திருப்புவதற்குள் யாராவது ஒரு பதிவைச் சேர்த்தால், முதல் பக்கத்தின் கடைசி ஆள் இரண்டாம் பக்கத்திலும் வந்து வணக்கம் வைப்பார்.

இதற்குப் பதிலாக, 'கடைசியாகப் பார்த்த பதிவு எண்ணுக்குப் பிறகு இருபது கொடு' என்று கேட்டால் இண்டெக்ஸ் நேரே அங்கே கொண்டுபோய் விடும். ஆனால் மேலாளர் சம்மதிக்கமாட்டார்: "3,742-ஆம் பக்கத்துக்குத் தாவ முடியாதே!" வாஸ்தவம்தான். அங்கே தவறாமல் போகிற ஒரே வாசகரான தேடுபொறி ரோபோவின் மனம் புண்படும்.