திருப்பியனுப்பப்படுவோர் இயல்

திருப்பியனுப்பப்படுவோன் ஆவான், விமானத்தை விட்டு இறங்கியும் நாட்டுக்குள் இறங்காதவன். கால் தரையில் இருக்கும். சட்டப்படி ஆள் வெளியே. இவ்வினத்தை முறையாக வகுத்த பெருமை ஐரோப்பியருக்கே உரியது. 2016ஆம் ஆண்டின் ஷெங்கன் எல்லைச் சட்டத் தொகுப்பு, மறுப்புக்கான காரணங்களை ஏ முதல் ஐ வரை ஒன்பது எழுத்துகளில் அடக்கிற்று. (நம் நெடுங்கணக்கிலும் ‘ஐ’ ஒன்பதாவது. இதன் உட்பொருளை வல்லார்வாய்க் கேட்டறிக.)

முதல் நால்வர் தாள் குறையுடையோர்: பாஸ்போர்ட் இல்லாதவன், போலிப் பாஸ்போர்ட்டினன், விசா இல்லாதவன், போலி விசாவினன். விரித்துரைக்க ஒன்றுமில்லை.

ஆராயத்தக்கவன் ஐந்தாமவனாகிய ‘ஈ’. பாஸ்போர்ட் உண்டு, விசா உண்டு. எதற்கு வந்தான், எங்கே தங்குவான் என்பதற்குச் சான்று இல்லை. இவன் மூவகைப்படுவான். விசா கைக்கு வந்ததுமே ஹோட்டல் புக்கிங்கை கேன்சல் செய்தவன். மாமா வீட்டுக்குப் போகிறேன் என்பான், மாமா குடியிருக்கும் தெரு அறியான். ஊர் சுற்றிப் பார்க்க வந்ததாகச் சொல்வான், கைப்பையில் சமையல் வேலைக்கான அனுபவச் சான்றிதழ் நான்கு பிரதி வைத்திருப்பான். மூன்றாமவனுக்காக நான் இரங்குகிறேன்.

எஃப், 180 நாளில் 90 நாளைத் தின்று தீர்த்தவன். ஜி, கைக்காசு போதாதவன். எச், பெயர் ஏற்கெனவே கணினியில் ஏறியவன். ஐ, பொது ஒழுங்குக்கோ நலத்துக்கோ ஊறு எனக் கருதப்பட்டவன். வாய் அகன்ற எழுத்து.

எவ்வகையாயினும் சடங்கு ஒன்றே. நுழைவு முத்திரையைக் குத்தி, அதன்மேல் அழியாத கறுப்பு மையால் பெருக்கல் குறியிட்டு, வலப்பக்கம் உரிய எழுத்தைப் பொறிப்பது மரபு. 2025 அக்டோபரில் தொடங்கிய கணினிப் பதிவு இக்கலையைப் பெரும்பாலும் ஒழித்துவிட்டது.

என்னைக் கேட்டால் இவ்வொன்பதும் மேற்பூச்சு. உண்மையான பாகுபாடு, திரும்பும் செலவு யார் தலையில் என்பதே. பொதுவிதி: ஏற்றி வந்த விமானக் கம்பெனியே திருப்பிக் கொண்டுபோக வேண்டும். தாள் சரியில்லாதவனை ஏற்றியிருந்தால், ஆளுக்கு 5,000 யூரோவும் அதற்கு மேலும் அபராதம் விதிக்க 2001ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஆணை இடமளிக்கிறது. சென்னை செக்-இன் கவுண்டர் ஊழியர் நம் விசாவை விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பார்ப்பது இதனால்தான். ஐரோப்பாவின் எல்லை மீனம்பாக்கத்தில் தொடங்குகிறது.

புறனடை: எவ்வெழுத்திலும் அடங்காதார் உளர். ஈரானில் பிறந்த மெஹ்ரான் கரிமி நாசேரியை பிரிட்டன் ஏற்காமல் பாரிசுக்குத் திருப்பியது. சார்ல் து கோல் விமான நிலைய முதல் முனையத்தில் அவர் 1988 முதல் 2006 வரை குடியிருந்தார்.

‘ஈ’ ஆக விரும்பாத வாசகர் ரிட்டர்ன் டிக்கெட்டையும் ஹோட்டல் ரசீதையும் கைப்பையில் வைத்துக்கொள்ளவும். பெட்டிக்குள் போட்டால், அது இமிகிரேஷனுக்கு அப்பால்தான் கைக்கு வரும்.