ஏர்போர்ட் சார்

நெய்வேலியை ஒட்டிய மந்தாரக்குப்பம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, "சென்னைக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" என்று யாரையாவது கேட்கும்முன் ஆளைப் பார்த்துக் கேளுங்கள். ஏர்போர்ட் சாரிடம் மாட்டினால், "நாப்பது நிமிஷம்" என்பார். பண்ருட்டியைத் தாண்டவே அது போதாதே என்று நீங்கள் விழிக்கும்போது, "நான் பஸ்ஸைச் சொல்லல" என்பார்.

சுரங்கத்தில் கன்வேயர் பார்த்து ஓய்வு பெற்றவர். மூன்று ஷிப்டும் கைவிட்டுப் போனபின் கணக்கு மட்டும் மிச்சம். டீக்கடை மேசைதான் வரைபடம். வடைத் தட்டு நெய்வேலி, பிஸ்கட் பாட்டில் மீனம்பாக்கம். டீயில் விரலைத் தொட்டு இரண்டுக்கும் நடுவே கோடு இழுப்பார். "ரோட்டுல 200 கிலோமீட்டர். வளைவையெல்லாம் எடுத்துடு, நேர்ல 170தான். நாட்டிக்கல் மைல்ல தொண்ணூறு சொச்சம். டோர்னியர் விமானம் மணிக்கு 400 கிலோமீட்டர் போவும். 25 நிமிஷம். ஏற, எறங்க 15 சேத்துக்க." பூமி உருண்டை என்பதால் கோடு லேசாக வளையும் என்றும் எச்சரிப்பார். இந்தத் தூரத்துக்கு அந்த வளைவு ஒரு தெருகூடத் தேறாது. ஆனாலும் விட மாட்டார்.

சேலமா? நேரே 160. புதுச்சேரி 50தான், "பெல்ட்டை மாட்டிக் கழட்டுற நேரம்!"

விமானம் எங்கே என்று மட்டும் கேட்கக்கூடாது. சுரங்க நிறுவனமான என்.எல்.சி.யின் ஓடுதளம் இருக்கிறது. வாயுதூத் நிறுவனத்தின் விமானம் ஒரு காலத்தில் சென்னையிலிருந்து வந்து போனது. அந்தச் சிறு விமானத்தை வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர் இவர். பிறகு 2017-இல், சிறு ஊர்களுக்கும் விமானம் விடும் உடான் திட்டத்தின் முதல் சுற்றில் நெய்வேலி பெயரும் வந்தது. ஒரு மணி நேரப் பறப்புக்கு 2,500 ரூபாய் உச்சவரம்பு என்றதும், தன் நாற்பது நிமிஷத்துக்கு விகிதம் போட்டு 1,667 ரூபாய் என்று அன்றே டிக்கெட் விலையையும் நிர்ணயித்துவிட்டார். புதுச்சேரியில் அந்த ஆகஸ்டிலேயே விமானம் பறந்தது. சேலத்தில் 2018 மார்ச்சில். இரண்டுமே பின்னால் நின்று, மறுபடி தொடங்கின. "பாத்தியா, நமக்கு நிறுத்துற கஷ்டமே இல்ல" என்பார். இந்த மனசு எல்லாருக்கும் வராது.

சென்னைக்குப் போகவேண்டிய நாளில் அவரும் பஸ்தான். ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து, விழுப்புரம் வருவதற்குள் "இந்நேரம் அங்க போயி, லக்கேஜை எடுத்து, காபி குடிச்சிருப்போம்" என்று பக்கத்து சீட்டுக்காரரின் பயணத்தையும் சேர்த்துக் கெடுப்பார். இப்போது கிளாம்பாக்கத்திலேயே இறக்கிவிடுவதால், அங்கிருந்து நகரத்துக்குள் போகும் நேரமும் அவர் கட்சிக்கு ஒரு பாயின்ட்.

போன வாரம் ஒருவர் மடக்கினார். "சார், ஒரு மணி நேரம் முன்னாடியே ஏர்போர்ட்டுக்குப் போவணும். மீனம்பாக்கத்துலேர்ந்து பெரம்பூருக்கு என் மக வூட்டுக்கு ரெண்டு மணி நேரம். அப்புறம் என்ன நாப்பது நிமிஷம்?"

"அது தரைக் கணக்குப்பா. நான் சொல்றது வானக் கணக்கு."

"சரி சார், ப்ளைட் எப்ப வுடுவாங்க?"

ஏர்போர்ட் சார் பிஸ்கட் பாட்டிலைப் பழைய இடத்தில் வைத்தார். "அது வேற டிபார்ட்மென்ட்."