பதின்மூன்று வயதுக்கு இத்தனை மரியாதை

ஒரு சிறுவனின் திறமைக்கு ஊரும் நாடும் மரியாதை தர வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் அமெரிக்கப் பள்ளி விளையாட்டைப் பார்க்க வேண்டும். அங்கே எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் வேகமாக ஓடினால் போதும், அவனைக் கவனிக்கப் பெரியவர்கள் முண்டியடித்து வருகிறார்கள். கோச் கவனிக்கிறார். பள்ளி நிர்வாகம் கவனிக்கிறது. மாநில விளையாட்டுச் சங்கம் கவனிக்கிறது. சட்டமன்றம் கூடி அவனுக்காக விதி எழுதுகிறது. டென்னசி மாநிலத்துச் சிறுவர்கள் சிலருக்கு வந்த ஒரு கடிதத்தை நாட்டின் உச்ச நீதிமன்றமே இரண்டு முறை எடுத்துப் படித்தது.

அந்தக் கடிதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1997இல் நாஷ்வில் நகரை ஒட்டிய பிரென்ட்வுட் அகாடமி என்ற தனியார் பள்ளியின் ஃபுட்பால் கோச் அதை எட்டாம் வகுப்புச் சிறுவர்களுக்கு அனுப்பினார். ஃபுட்பால் என்றால் நம்முடைய கால்பந்து அல்ல. கையால் எறிந்து, தோளால் மோதி ஆடும் அமெரிக்க ஆட்டம். அந்தச் சிறுவர்கள் அடுத்த ஆண்டு பிரென்ட்வுட்டில் சேர ஏற்கெனவே ஒப்பந்தம் ஆகியிருந்தது. ஆனால் அப்போது அவர்கள் வேறு பள்ளிகளின் மாணவர்கள். வசந்தகாலப் பயிற்சிக்கு இப்போதே வரலாம், சீக்கிரம் வந்து சேர்ந்துகொள்வது உங்களுக்குத்தான் நல்லது என்பது கடிதத்தின் சாரம். கீழே ‘உங்கள் கோச்’ என்று கையொப்பம். தன் பள்ளியில் ஒரு நாள்கூட இன்னும் படிக்காத பிள்ளைகளுக்கு முன்கூட்டியே கோச் ஆகிவிட்ட அந்த அக்கறையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதே பிள்ளைகளுக்குக் கணக்கு ஆசிரியரும் இப்படி முந்திக்கொண்டு கடிதம் எழுதும் நாள் வந்தால், அவருக்கும் இதே பாராட்டைத் தருவேன்.

மாநிலச் சங்கமும் அசந்திருக்கவில்லை. விளையாட்டுக்காக ஆள் பிடிப்பது விதிமீறல் என்றது. நான்கு ஆண்டு கண்காணிப்பு, ஃபுட்பாலிலும் பையன்கள் கூடைப்பந்திலும் இரண்டு ஆண்டு இறுதிச் சுற்றுகளுக்குத் தடை, 3,000 டாலர் அபராதம். பள்ளி பணிந்துபோகவில்லை, பேச்சுரிமை பறிபோகிறது என்று நீதிமன்றப் படி ஏறியது. 2001இல் உச்ச நீதிமன்றம், தனியார் அமைப்பாகப் பதிவாகியிருந்தாலும் இந்தச் சங்கம் அரசின் அங்கம் போலவே செயல்படுகிறது என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. வழக்கு கீழே போய் மறுபடி மேலே வந்தது. 2007இல் நீதிபதிகள் ஒருமனதாகச் சங்கத்தின் பக்கம் நின்றார்கள். நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளிடம் கோச் அழுத்திப் பேசி இழுப்பது சுரண்டலுக்கு வழிவைக்கும், அதைத் தடுக்கும் விதி செல்லும் என்றார்கள்.

ஒரே ஒரு கடிதத்துக்குப் பத்தாண்டுகள். இரு தரப்பு வழக்கறிஞர்களின் பொறுமையும் மெச்சத் தக்கது. சிறுவர்களின் நலனுக்காக என்று இரு தரப்பும் வாதாடி முடித்தபோது அந்தச் சிறுவர்களுக்கு இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது ஆகியிருந்தது.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை நான் எதிர்ப்பவன் அல்ல. வாடகை கட்ட முடிந்த தெருதான் பிள்ளையின் படிப்பைத் தீர்மானிக்கும் என்ற பழைய ஏற்பாடு ஏழைப் பெற்றோருக்கு இழைத்த அநியாயம் சிறிதல்ல. பால்டிமோர் நகரில் செயின்ட் ஃபிரான்சிஸ் அகாடமி இருக்கிறது. 1828இல் கறுப்பினக் கத்தோலிக்கச் சகோதரிகள் தொடங்கிய பள்ளி. அடிமைமுறை சட்டமாக இருந்த மாநிலத்தில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்த இடம் அது. அந்தப் பள்ளியின் ஃபுட்பால் அணிக்குப் பண வசதி படைத்தவர்கள் கைகொடுத்தார்கள், பல ஊர்களிலிருந்து பையன்கள் வந்தார்கள், அவர்களில் பலருக்குக் கல்லூரி உதவித்தொகை கிடைத்தது. அந்தக் குடும்பங்களிடம் போய் ‘தேர்வுரிமை தவறு’ என்று சொல்ல எனக்கு வாய் வராது. 2018இல் அந்தப் பள்ளியின் லீகில் இருந்த பள்ளிகள் பலவும் அந்த அணியோடு மோத மறுத்துவிட்டன. பலம் பொருந்தவில்லை, எங்கள் பிள்ளைகளுக்கு அடிபடும் என்றன. மறுத்தவர்களும் தனியார் பள்ளிகள்தான். எல்லை இல்லாமல் மாணவரைச் சேர்க்கும் வசதி அவர்களுக்கும் காலங்காலமாக இருந்தது. ஆட்டத்தின் நியாயம் பற்றி அவர்களுக்கு அந்த ஆண்டு பிறந்த கவலை உண்மையான கவலை. இன்னும் சில ஆண்டுகள் முன்னதாகப் பிறந்திருந்தால், அவர்களிடம் தோற்றுக்கொண்டிருந்தவர்களுக்கும் உதவியிருக்கும்.

வேகத்துக்குப் பாராட்டு என்றால் அது ஃபுளோரிடாவுக்குத்தான். 2016இல் அந்த மாநிலம் இயற்றிய சட்டம், இடம் காலியாக இருந்தால் எந்த மாவட்டத்துப் பிள்ளையும் எந்த அரசுப் பள்ளியிலும் சேரலாம் என்றது. சேர்ந்தவுடனே அணியிலும் ஆடலாம். பள்ளி மாறியவன் இத்தனை காலம் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று பல மாநிலங்கள் வைத்திருக்கும் காத்திருப்புக்கு அங்கே இடமில்லை. ஒரே ஆண்டில் அதே விளையாட்டை இரண்டு பள்ளிகளுக்காக ஆடக் கூடாது, அவ்வளவுதான், அதற்கும் விலக்குகள் உண்டு. கோச் ஆள் பிடித்தது தெரிந்தால் முதல் முறை 5,000 டாலர் சம்பளப் பிடித்தம். ஆனால் பொய் ஆவணம் தராமலும் தனிச் சலுகை எதையும் வாங்காமலும் இருக்கும் வரை பையனின் ஆடும் உரிமைக்குக் கேடு வராது. பெரியவர் செய்த தப்புக்குப் பிள்ளையைத் தண்டிக்காத இந்தப் பிரிவு நேர்மையானது. அதை எழுதியவர்களை வணங்குகிறேன். அவர்கள் பள்ளிப் பேருந்தைப் பற்றியும் எழுதினார்கள்: மாவட்டம் விரும்பினால் அனுப்பலாம், கட்டாயம் இல்லை. ஆகவே அறுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நல்ல பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இரண்டு இடத்தில் வேலை பார்க்கும் தாய்க்கும் இருக்கிறது, கார் சும்மா நிற்கும் வீட்டுக்கும் இருக்கிறது. உரிமையில் குறை ஒன்றும் இல்லை. அவள் பையன் நன்றாக ஓடுகிறவனாக இருந்தால் வேறு யாராவது வண்டி கொண்டுவருவார்கள். அவன் தங்கைக்கு வேதியியல் நன்றாக வரும் என்றால் யாரும் கொண்டுவர மாட்டார்கள்.

அதே ஃபுளோரிடாவில், பிரேடன்டன் நகரில், ஐஎம்ஜி அகாடமி இருக்கிறது. 1978இல் நிக் பொல்லட்டியேரி தொடங்கிய டென்னிஸ் பயிற்சிப் பள்ளி, இன்று பல விளையாட்டுகளுக்கான விடுதிப் பள்ளி. தான் என்னவாக இருக்கிறது என்பதை அது ஒளித்ததில்லை. அந்த வெளிப்படைத்தன்மையை மதிக்கிறேன். 2023இல் அது 125 கோடி டாலருக்குக் கைமாறியது. பள்ளிக்கூடத்துக்கு விலை கிடையாது என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். அங்கே விலை சொல்லி, வாங்கி, விற்றுக் காட்டிவிட்டார்கள்.

2021 ஆகஸ்ட் 29 அன்று ஐஎம்ஜியோடு ஆட ஒஹாயோவின் பிஷப் சிக்கமோர் என்ற பள்ளி களமிறங்கியது. ஈஎஸ்பிஎன் நேரடியாக ஒளிபரப்பியது. 58-0 என்று ஐஎம்ஜி வென்றது. பிஷப் சிக்கமோர் இரண்டு நாள் முன்புதான் இன்னொரு ஆட்டம் ஆடி முடித்திருந்தது. நேர்முக வர்ணனையாளர்களே, இது பிள்ளைகளுக்கு ஆபத்து என்று ஒளிபரப்பிலேயே கவலைப்பட்டார்கள். பிறகு ஒஹாயோ மாநிலக் கல்வித் துறை விசாரித்தபோது, ஒரு பள்ளிக்கு வேண்டிய குறைந்தபட்சத் தகுதிகள் அங்கே இருந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அணி இருந்தது, சீருடை இருந்தது, ஆட்ட அட்டவணை இருந்தது, தேசியத் தொலைக்காட்சியில் நேரம் இருந்தது. வகுப்பறை மட்டும் இல்லை. பள்ளி விளையாட்டிலிருந்து பள்ளியை நீக்கினாலும் விளையாட்டு நடக்கும் என்று செய்து காட்டியவர்கள் அவர்கள். அந்தப் பையன்களை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஒளிபரப்புக்கு முன் ‘இது எந்தத் தெருவில் இருக்கும் பள்ளி’ என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும். பெண் கொடுக்கும் வீட்டில் ஆயிரம் விசாரிக்கிற மாதிரி ஒரு பையனின் உயரம், எடை, நாற்பது கஜ ஓட்ட நேரம் எல்லாவற்றையும் விசாரிக்கிற உலகத்தில், இந்த ஒரு கேள்வி மட்டும் யாருக்கும் வரவில்லை.

சங்கங்கள் நியாயத்துக்காக எதுவும் செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். கணக்குப் போட்டார்கள், நன்றாகவே போட்டார்கள். எல்லை இல்லாத பள்ளிகளின் மாணவர் எண்ணிக்கையை இல்லினாய் 1.65ஆல் பெருக்கியது, ஆயிரம் பேர் படிக்கும் பள்ளி 1,650 பேர் படிக்கும் பள்ளியாகிப் பெரிய பிரிவில் போய் ஆட வேண்டும். அலபாமா தனியார் பள்ளிகளுக்கு 1.35 என்று வைத்தது. ஒஹாயோவில் இப்படியொரு திட்டத்தை உறுப்பினர் பள்ளிகள் மூன்று முறை வாக்களித்துத் தோற்கடித்து, 2014இல் நான்காம் முறை ஏற்றுக்கொண்டன. அங்கே அணியில் உள்ள ஒவ்வொரு பிள்ளையும் எங்கே படித்து வந்தான், பெற்றோர் எங்கே வசிக்கிறார்கள் என்று பார்த்து, வெளியிலிருந்து வந்தவர்களுக்கு விளையாட்டுக்கு ஏற்ற எண்ணைக் கூட்டிப் பள்ளியின் அளவைத் திருத்துகிறார்கள். நுணுக்கமான வேலை. கலிபோர்னியாவின் தெற்குப் பிரிவிலும் வலிமைக்கு ஏற்ப அணிகளைப் பிரிக்கும் நல்ல முறை இருக்கிறது. அந்த முறையின் உச்சியில், முதல் டிவிஷன் ஃபுட்பால் பட்டத்தை 2016 முதல் 2024 வரை ஆட்டம் நடந்த ஒவ்வொரு ஆண்டும் மேட்டர் டெய், செயின்ட் ஜான் பாஸ்கோ என்ற இரண்டு தனியார் பள்ளிகளே தமக்குள் பகிர்ந்துகொண்டன. இவ்வளவு சீரான முடிவு தரும் ஏற்பாடு விளையாட்டில் அபூர்வம்.

இந்த அக்கறை குறையவும் இல்லை. அலபாமா அரசு, தனியார் பள்ளியில் சேரும் பிள்ளைக்கு அரசுப் பணம் தரும் திட்டம் கொண்டுவந்தது. அந்தப் பணத்தோடு பள்ளி மாறுகிறவன் ஓராண்டு ஆடக் கூடாது என்றது மாநில விளையாட்டுச் சங்கம். 2025இல் மாநில ஆளுநரே சங்கத்தின் மீது வழக்குத் தொடுத்தார். ஒரு பையன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கக் கூடாது என்பதற்காக ஓர் ஆளுநர் நீதிமன்றம் போகிற நாடு. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் வலி தெரிந்த ஆட்சி என்றே எடுத்துக்கொள்கிறேன்.

ஏனென்றால் பெஞ்சில் இன்னொருவனும் இருக்கிறான். அதே தெருவில் பிறந்து, அதே பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு முதல் பயிற்சிக்கு வந்து, மூன்று வருஷம் மற்றவர்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்து, பன்னிரண்டாம் வகுப்பில் நம் முறை வரும் என்று காத்திருந்தவன். கோடை விடுமுறையில் வேறு மாவட்டத்திலிருந்து ஒருவன் வந்து சேர்கிறான். ஆகஸ்டில் ஒட்டுகிற பட்டியலில் இவன் பெயர் கீழே போய்விடுகிறது. இவன் கல்லூரிக்குப் போய் ஆடப் போகிறவன் அல்ல. நாடு முழுவதும் பள்ளி அணிகளில் ஆடுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் அப்படித்தான். இவனுக்கு மிச்சம் இருந்தது அந்த ஒரு வருஷம்தான். ஒஹாயோவின் சூத்திரம் வந்தவனை எண்ணுகிறது, இவனை எண்ணுவதில்லை. ஃபுளோரிடாவின் சட்டம் மாறியவனுக்குப் பாதுகாப்புத் தருகிறது, மாறாதவனைப் பற்றிப் பேசவில்லை. பிரென்ட்வுட்டின் வழக்கறிஞர்கள் கோச்சின் உரிமைக்கு வாதாடினார்கள். இவனுக்கு ‘உங்கள் கோச்’ என்று யாரும் எழுதவில்லை. எழுதத் தேவையும் இருக்கவில்லை, இவன் ஏற்கெனவே அங்கேதான் இருந்தான். ஆள் போய்விட்ட அந்த இன்னொரு பள்ளியில் பதினொரு பேர் சேர்வதற்கே திண்டாடும் அணியிலும் இவனைப் போன்றவர்கள் இருக்கிறார்கள்.

மாநிலச் சங்கங்களின் கணக்குத் திறமையில் எனக்கு முழு நம்பிக்கை இருப்பதால் ஒன்று கேட்கிறேன். பள்ளி மாறிய பிள்ளை அந்த ஆண்டு லீக் ஆட்டங்கள் எல்லாவற்றிலும் ஆடட்டும், யாரும் தடுக்க வேண்டாம். மாநில இறுதிச் சுற்றுகளில் மட்டும் அந்த ஓர் ஆண்டு, பள்ளியிலேயே வளர்ந்தவர்கள் ஆடட்டும். ஆசைப்பட்டு வருகிறவன் அப்போதும் வருவான். கோப்பைக்காகக் கொண்டுவரப்படுகிறவன் வரமாட்டான். அது முடியாதென்றால், ஆட்டத்துக்கு விற்கிற கையேட்டில் ஒவ்வொரு வீரனின் பெயருக்குப் பக்கத்திலும் எண், உயரம், எடை, வகுப்பு எல்லாம் அச்சிடுகிறார்கள் அல்லவா, அங்கே இன்னொரு கட்டம் சேர்க்கட்டும்: இந்தப் பள்ளியில் எத்தனை ஆண்டாகப் படிக்கிறான்.