உறைபனிக்குப் போன ஒத்தைச் சக்கரம்

அன்னூரில் மார்கழிக் குளிர் என்றால் மஃப்ளரைக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போவது, அவ்வளவுதான். பனிக்கட்டியின் மேல் வண்டி ஓட்டியே தீருவேன் என்று ஒருவனுக்கு ஆசை வந்தால் அவன் மேட்டுப்பாளையம் போய் மலையேற வேண்டும். எனக்கு வந்தது. ஐம்பதைத் தாண்டிய வயதில், மின்சாரத்தில் ஓடும் ஒற்றைச் சக்கரத்தோடு.

அந்த வண்டிக்கு ஹேண்டில்பார் கிடையாது, சீட் கிடையாது. ஒரு சக்கரம், இரண்டு பக்கமும் மடக்கி விரிக்கிற மிதிகட்டை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஷேன் சென் என்பவர் 2011 வாக்கில் ‘சோலோவீல்’ என்ற பெயரில் கொண்டுவந்தது. பிறகு சீனக் கம்பெனிகள் பிடித்துக்கொண்டு வேகத்தையும் பேட்டரியையும் ஏற்றிக்கொண்டே போயின. முன்னால் சாய்ந்தால் ஓடும், பின்னால் சாய்ந்தால் நிற்கும். நாம் சாய்வதை உள்ளே இருக்கும் ஜைரோ சென்சார் கண்டுபிடித்து, விழுவதற்குள் சக்கரத்தைக் காலடிக்குக் கொண்டுவந்துவிடும். ஆனால் முன்னே பின்னே விழாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் அதன் பொறுப்பு. இடமும் வலமும் நம் பாடு. ஓரளவு வேகம் இருந்தால்தான் பக்கவாட்டில் நிற்கும். பயந்து மெதுவாக ஓட்டுகிறவன்தான் முதலில் விழுவான். நான் பயந்து மெதுவாக ஓட்டுகிறவன்.

பெங்களூரில் ஓர் ஐ.டி. பையனிடம் பழையதாக வாங்கி, சத்தியமங்கலம் வழியாகக் காரில் கொண்டுவந்து, வீட்டில் பாதி விலை சொன்னேன். 250 வாட்டுக்கும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்ட மின்வண்டிகளுக்குத்தான் நம் நாட்டில் லைசென்ஸும் பதிவும் வேண்டாம். இது அந்தக் கணக்கில் அடங்காது. அதனால் ரோட்டில் ஏற்றவில்லை. சட்டத்தை மதிக்கிறவன் என்று ஊரில் சொல்லிக்கொண்டேன். சத்தி ரோட்டு பஸ்களை நினைத்தாலே எனக்கு வயிறு கலங்கும் என்பது ஊருக்குத் தேவையில்லாத தகவல்.

நிலக்கடலை காயப்போடும் களத்தில், விடிகாலையில், ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் பழகினேன். தென்னை மரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறி நின்றுவிட்டேன். அதன்பின் மரத்தை விட மனம் வரவில்லை. காய் போட வந்தவர் கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார்த்தார். “ஏனுங்க, மரம் ஏறோணும்னா ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே வந்திருப்பனுங்களே” என்றார். இன்னொரு நாள் மரத்தை விட்டேன். நான் கீழே இறங்கிவிட்டேன் என்பதுகூடத் தெரியாமல் வண்டி தனியாகப் போய்ச் சோளத்தட்டுப் போரில் முட்டிக்கொண்டு கத்தியது. திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பா, “அது நல்லாத்தான போகுது, நீ எதுக்கு அது மேல?” என்று கேட்டார். இன்றுவரை நான் பதில் சொல்லவில்லை.

டொராண்டோவில் இருக்கிற அக்கா மகன்தான் எனக்கு இதில் குரு. டயரில் ஆணி பதித்துக்கொண்டு, முழங்கால் வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு, பனி மூடிய ஏரிக்கரையில் அவன் சறுக்கிக்கொண்டு போகிற வீடியோவைப் பார்த்துத்தான் எனக்கு இந்தக் கிறுக்கே பிடித்தது. ஊட்டி உறைபனியில் ஓட்டப்போகும் திட்டத்தைச் சொன்னதும் பதறிப்போய்ப் பாடம் நடத்தினான். “டயர்ல காத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்க மாமா. திடீர்னு வேகம் எடுக்காதீங்க, திடீர்னு நிறுத்தாதீங்க, திரும்பாதீங்க. டயர் பிடி விட்டுச்சுன்னா மோட்டார் சும்மா சுத்தும், உங்களத் தாங்கறதுக்குச் சக்கரம் வராது. ஐஸ் மேல ஒண்ணும் பண்ணாம நிக்கத் தெரியோணும், அவ்வளவுதான்.”

ஒன்றும் பண்ணாமல் நிற்பதாம். பாத்தி கட்டுகிற ஆளிடமிருந்து மண்வெட்டியைப் பிடுங்கி நாலு வெட்டு வெட்டிக் காட்டாமல் வரப்பைத் தாண்டியதில்லை நான். எங்கள் வீட்டில் தோசைகூட என் யோசனையைக் கேட்டுவிட்டுத்தான் திரும்ப வேண்டும். அப்படித்தான் நான் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

கடைசியாக ஒன்று சொன்னான். “ராத்திரி வண்டிய ரூமுக்குள்ள வெச்சுக்கோங்க.” லித்தியம் பேட்டரிக்குக் குளிர் ஆகாது. உள்ளே நடக்கும் வேதிவினை மந்தமாகி, கேட்கிற நேரத்தில் கேட்கிற மின்சாரம் வராது. சுழியத்துக்குக் கீழே சார்ஜ் போட்டால் இன்னும் மோசம்: லித்தியம் உலோகமாக உள்ளேயே படிந்து பேட்டரியைக் கெடுத்துவிடும். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன்.

ஊட்டியில் வானத்திலிருந்து பனி கொட்டுவதில்லை. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடுகிறது. குளிர்ந்த கனத்த காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. புல்லைத் தொடும் ஈரம் தண்ணீராகாமல் நேராகவே ஐஸாகிவிடும். தலைகுந்தா, காந்தல் பக்கமெல்லாம் டிசம்பர், ஜனவரி விடியலில் வெள்ளை வெளேரென்று கிடப்பது இப்படித்தான். வெயில் ஏறியதும் போய்விடும். ஆக, நேரத்துக்கு எழுந்தால் போதும்.

2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் வேண்டும். காருக்கு எடுத்தேன், டிக்கியில் இருந்ததை யாரும் கேட்கவில்லை. லாட்ஜில்தான் சறுக்கல் தொடங்கியது. இந்தச் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனால் ரிசப்ஷன் பையன் என்னவென்று கேட்பான், ஓட்டிக்காட்டச் சொல்வான். வெட்கத்தில் டிக்கியிலேயே விட்டுவிட்டேன். நான் இரண்டு கம்பளிக்குள் தூங்கினேன்.

தலைகுந்தா பக்கம் தெரிந்தவர் ஒருவருக்குக் கேரட் தோட்டம் இருக்கிறது. அதன் ஓரத்துப் புல்தரையில் ஓட்டிக்கொள்ளச் சொல்லியிருந்தார். நேரத்துக்கே எழுந்து நேரத்துக்கே போய்விட்டேன். தரை முழுக்க வெண்மை, காலடியில் நொறுங்கும் சத்தம். ஹெல்மெட், மணிக்கட்டுக் காப்பு, முட்டிக் காப்பு எல்லாம் வாங்கி வைத்திருந்தேனே தவிர, மரத்துப்போன விரலால் மாட்டிப் பழகியிருக்கவில்லை. இடதை வலதில் மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டி நிமிர்ந்தால் ‘சிர்ர்’ என்று சத்தம். இலை கருகாமல் இருக்க விடிகாலையில் ஸ்பிரிங்க்ளர் போட்டு உறைபனியைக் கழுவிவிடுவது அங்கத்து விவசாயிகள் வழக்கம். கேரட்டுக்குப் போட்டது நியாயம். ஆனால் தண்ணீர் என் புல்தரை மேலும் சுற்றிச் சுற்றி விழுந்துகொண்டிருந்தது.

தோட்டக்காரர் சிரித்த முகத்தோடு வந்தார். “உங்களுக்கு வழுக்குமேன்னு இந்தப் பக்கமும் ஒண்ணு திருப்பிவிடச் சொன்னேன்.”

நானும் விவசாயி, நல்ல மனசோடு தண்ணீர் பாய்ச்சுகிறவரிடம் என்ன சொல்வது? நன்றி சொன்னேன். வெள்ளையெல்லாம் போய் வெறும் ஈரப்புல்லும் செம்மண் சேறும் மிச்சம். வந்தது வந்தாயிற்று என்று ஏறினேன். இரவெல்லாம் விறைத்துக் கிடந்த பேட்டரி, முன்னே சாய்ந்ததும் திணறி, மின்னழுத்தம் இறங்கி, மிதிகட்டையின் முன்பக்கத்தைத் தூக்கியது. வேகத்தைக் குறை என்று வண்டி கொடுக்கிற எச்சரிக்கை அது. மேடு வருகிறதாக்கும் என்று நினைத்து நான் இன்னும் அழுத்திச் சாய்ந்தேன். காப்புகள் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்தன. தோட்டக்காரர் போட்டோ எடுத்துக் கொடுத்தார்.

அன்னூர் டீக்கடையில், 2,200 மீட்டர் உயரத்தில் உறைந்த பனிக்கட்டியில் விழுந்ததாகச் சொன்னேன். நல்ல மரியாதை கிடைத்தது. இரண்டாவது டீக்கு வேறு யாரோ காசு கொடுத்தார்கள். அந்தத் தெம்பில் போட்டோவை டொராண்டோவுக்கும் அனுப்பிவிட்டேன். அன்று ராத்திரியே வீடியோ காலில் வந்தான்.

“மாமா, ஐஸ்ல விழுந்தா சட்டையில செம்மண் ஒட்டாதுங்களே?”

உறைபனி, கேரட், ஸ்பிரிங்க்ளர் என்று இழுத்தேன். பேட்டரியை எங்கே வைத்தீர்கள் என்றான். அதையும் சொல்ல வேண்டியதாயிற்று.

“என்னங் மாமா நீங்க, ஒன்னரை லட்சம் குடுத்து வாங்கின வண்டியப் போயி யாராச்சும் ராத்திரி முச்சூடும் கார்ல விடுவாங்களா?”

அடுப்படியில் தோசைக்கரண்டிச் சத்தம் நின்றது.

“ஏனுங்க, எவ்வளவுன்னு சொன்னான் அவன்?”

சிக்னல் சரியில்லை என்று போனை வைத்துவிட்டேன். வைஃபை பெட்டி அவள் தலைக்கு மேலேதான் இருந்தது, பச்சை விளக்கு எரிந்தபடி.