முகம் 18, குரல் 48

வாடா மருமகனே, இப்படித் திண்ணையில உக்காரு. அந்தப் போனைக் கொஞ்சம் கீழ வை, ஓடிராது. நேத்து ராத்திரி மொட்டைமாடியில படுத்துக்கிட்டு, காதுல ரெண்டு குச்சியைச் சொருகிக்கிட்டு, கண்ணைத் தொடச்சயாமே? உம் பொண்டாட்டி வந்து சொல்லிட்டுப் போகுது. ஊருல யாருக்கு என்ன ஆச்சோன்னு பதறிப்போயி விசாரிச்சா, பிரசாந்த் பாட்டாம்!

அதுவும் எந்தப் பாட்டு? 'செம்பருத்தி'யில உள்ளதா? இல்ல. 'ஜீன்ஸ்' படத்துல ஏழு அதிசயத்தையும் சுத்திக் காட்டுனாகளே, அதா? அதுவும் இல்ல. 'வண்ண வண்ணப் பூக்கள்'ல 'கண்ணம்மா'ன்னு ஆரம்பிக்கிற பாட்டாம். உன் மகன்கிட்டக் கேட்டேன். "அது என்ன தாத்தா, நர்சரி கார்டனா?"ங்கிறான்.

உன் கதை எனக்குத் தெரியாதாடா? 1990ல 'வைகாசி பொறந்தாச்சு' வந்தப்ப அந்தப் பிள்ளைக்கு 17 வயசு. 'மலையூர் மம்பட்டியான்' தியாகராசன் மகன் நடிச்சிருக்கான்னு எல்லாரும் போனீக. திரும்பி வந்த கையோட நீ முடிவெட்டுற கடைக்குப் போயி, "பிரசாந்த் மாதிரி வெட்டுங்க"ன்ன. அவரு உன் மொகத்தையும் கண்ணாடியையும் மாறிமாறிப் பாத்துட்டு, "முடியை வேணா வெட்டிரலாம் தம்பி"ன்னாரு. மேக்கொண்டு ஒண்ணும் சொல்லல. மரியாதை தெரிஞ்ச மனுசன்.

1992 பொங்கலுக்கு 'வண்ண வண்ணப் பூக்கள்' வந்துச்சு. பாலு மகேந்திரா படம், கேமராவும் அவரே. சிறந்த தமிழ்ப் படம்னு தேசிய விருதே வாங்குச்சு. ஆனா அதே வருசம் 'செம்பருத்தி'யும் வந்து, டீக்கடை, கல்யாண வீடு, மினிபஸ்னு எல்லா ஸ்பீக்கரையும் பிடிச்சுக்கிருச்சு. ரெண்டுக்கும் இசை நம்ம பண்ணைப்புரத்துக்காரர் இளையராஜாதான். அவரு பாட்டை அவரு பாட்டே அமுக்கிப்புடுச்சு. நீ ரெக்கார்டிங் கடையில 60 நிமிசக் கேசட்டுல 'செம்பருத்தி'யைப் பதியக் குடுத்த. கடைசியில மிச்சம் கெடந்த நாடாவுல கடைக்காரர் இந்தப் பாட்டைப் போட்டு விட்டாரு. ஓசியில வந்த பாட்டுக்குத்தான் இப்ப ஒப்பாரி!

ஆனா அதுல ஒரு சூட்சுமம் இருக்குடா. ஊரே பாடுன பாட்டு எந்தக் காலத்துக்கும் பாத்தியப்பட்டதில்ல. 'ஜீன்ஸ்' பாட்டு 1998லயும் பாடுச்சு, போன மாசம் காதுகுத்துலயும் பாடுச்சு. உன் மகன் அதுக்குத்தான் ஆடுறான். அதைக் கேட்டா உனக்குப் பழசா ஞாபகம் வரும்? மைக்செட்டுக்காரன் ஞாபகந்தான் வரும். இந்தக் 'கண்ணம்மா'வை ஊரு எடுத்துப் புழங்கல. அதனால அது அந்த வருசத்துலயே நிக்குது. தொட்டா அந்த ஜன்னலும், ஜன்னல்ல நின்ன பிள்ளையும் அப்படியே வருது. முழிக்காத, எந்த ஜன்னல்னு உம் பொண்டாட்டிகிட்ட நான் சொல்லல. சொல்லாம இருக்க மாசம் ஒரு கட்டு வெத்தலை போதும்.

இப்ப நீ அழுவுறது எதுக்கு? "போச்சே மாமா, அந்த வயசு போச்சே"ன்னுதானே? கணக்குப் பாப்போம் வா. படம் வந்தப்ப பிரசாந்துக்கு 18. சரி. பாடுனது யாரு? ஆம்பளைக் குரல் இளையராஜா. 1943ல பொறந்தவரு, அப்ப அவருக்கு 48. பொம்பளைக் குரல் எஸ்.ஜானகி. 1938ல பொறந்தவுக, அப்ப அவுகளுக்கு 53. நீ வாலிபம் வாலிபம்னு உருகுனது, பேரன் பேத்தி எடுக்குற வயசுக்காரக ரெண்டு பேரு மைக்கு முன்னால நின்னு பாடுனதுக்குடா! 18 வயசு செஞ்சதெல்லாம் வாயசைச்சதுதான். காதலிக்கத்தான் சின்ன வயசு வேணும். அதைச் சொல்லிப் பாட, வாழ்ந்து பாத்த தொண்டை வேணும். அந்தப் பிரசாந்தே 50 தாண்டி, 2024ல 'அந்தகன்'ல பியானோக்காரரா வந்தாரு. மொட்டைமாடியிலயா போயி உக்காந்துட்டாரு?

அப்ப உனக்குப் போனது என்ன? மொகம். அது அன்னைக்கே சரியில்லன்னு முடிவெட்டுறவரே சாடையாச் சொல்லிட்டாரு. வந்தது என்ன? குரலுக்கான வயசு. இளையராஜாவை விட ரெண்டு மூணு வருசம் பிந்தியே வந்து சேந்திருக்க, அம்புட்டுதான்.

அதனால மாமன் சொல்றதைக் கேளு. அந்தப் பாட்டைப் பள்ளிக்கூடத்துச் சோட்டாளுக வாட்சப் குரூப்புல போடாத. நாப்பது பேரு நெஞ்சுப் படம் போடுவான், நாலு பேரு ரிங்டோன் வைப்பான், பத்து நாள்ல அதுவும் மினிபஸ் பாட்டாப் போயிரும். தெனமும் கேக்காத. கேக்கக் கேக்க அந்தக் கால வாசம் போயி, இந்த வருசத்துக் கரண்டு பில்லு வாசம் ஏறிக்கிரும். எப்பவாவது கேளு. கேட்டுட்டு அடுப்படிக்குப் போயி, உம் பொண்டாட்டி காதுல விழுற மாதிரி ரெண்டு அடி மொனகு. சுதி விலகுனாப் பரவாயில்ல, ஜன்னல் பேரை மட்டும் உளறிராத. எழுந்திரு, போ. போற வழியில வெத்தலையை மறந்துறாத.