மங்கிப்போன தாய்மாமன்

அண்ணன் மகனுக்குத் திட்டக்குடி வைத்தியநாத சுவாமி கோயிலில் காதுகுத்து. கையில் புது கேமரா இருந்ததால் போட்டோகிராபர் பதவி எனக்கு வந்தது. சம்பளமில்லாத பதவிக்கு எங்கள் குடும்பத்தில் போட்டி கிடையாது.

பின்னணி மங்கினால் சினிமா மாதிரி இருக்குமே என்று அபெர்ச்சரை எஃப் 2இல் வைத்தேன். மண்டபத்து வெளிச்சத்துக்கு ஷட்டர் 250இல் ஒரு பங்கு நொடி. முதல் காது குத்தியாயிற்று. படத்தில் பையனின் காதும், அதில் வைத்த சந்தனப் பொட்டும் பளிச். அவனை மடியில் வைத்திருந்த தாய்மாமன் மட்டும் பாயசத்தில் ஊறிய அப்பளமாகத் தெரிந்தார்.

"கம்மல் அரைப் பவுன், மாப்ள. சீர் பதினோரு தட்டு. நான் பின்னணியா?"

அபெர்ச்சர் என்பது லென்ஸுக்குள் இருக்கும் துவாரம். அதன் எண் ரேஷன் கடை டோக்கன் மாதிரி: பெருகப் பெருகக் கிடைப்பது குறையும். 50 மி.மீ. லென்ஸில் எஃப் 2 என்றால் 25 மி.மீ. வாசல், எஃப் 11 என்றால் ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைவு. வாசல் அகன்றால் ஒருவருக்குத்தான் தெளிவு. குறுகினால் முன்னால் இருப்பவரும் பின்னால் இருப்பவரும் சமம்.

நல்லவேளை, பையனுக்கு இன்னொரு காது இருந்தது. எஃப் 11க்குத் தாவினேன். விருத்தாசலம் பீங்கான் பொம்மைகள் மூன்றைத் திண்ணையில் வரிசையாக வைத்து ஏற்கெனவே பழகியிருந்தேன். மூன்றுமே தெளிவாக விழுந்தன. ஆனால் 2இலிருந்து 11க்கு ஐந்து படி. படிக்குப் படி வெளிச்சம் பாதியாகி, கடைசியில் 32இல் ஒரு பங்குதான் மிச்சம். அதை ஈடுகட்ட ஷட்டர் எட்டில் ஒரு பங்கு நொடி திறந்தே இருக்க வேண்டும். பீங்கான் பொறுத்துக்கொள்ளும். காதில் ஊசி ஏறும் பிள்ளை பொறுக்குமா? படத்தில் மாமன் மீசை முடி முடியாகத் தெரிய, பையனுக்கு மூன்று வாய்.

1858இல் மதுரை, தஞ்சாவூர்க் கோயில்களைப் படமெடுத்த லின்னேயஸ் டிரைப் இதைவிட நெடுநேரம் லென்ஸைத் திறந்து வைத்தவர்தான். ஆனால் கோபுரத்துக்கு யாரும் காது குத்தவில்லை.

மூன்றாவது காது இல்லாததால் எல்லாரையும் வெயிலுக்கு இழுத்தேன். திட்டக்குடியில் வெள்ளாற்றில் தண்ணீர் குறையலாம், வெயில் குறையாது. உச்சி வெயிலுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: ஒளியுணர்வைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. 100 என்றால் எஃப் 16, ஷட்டர் 100இல் ஒரு பங்கு நொடி. வாசலும் குறுகல், நேரமும் குறைவு. பையன், மாமன், சீர்த்தட்டு, தட்டில் இருந்த ஆப்பிளின் ஸ்டிக்கர் வரை அத்தனையும் துல்லியம்.

மாமன் படத்தை வாங்கிப் பார்த்தார்.

"என் கண்ணு ரெண்டும் மூடியிருக்கே?"

"கோயிலைப் பார்த்துத்தானே நின்னீங்க, மச்சான்? சாமி கும்பிடுறீங்க."

பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்.