ஜன்னலை மூடாதீர்கள்! – டெர்மினல் கேள்வி-பதில்

(கட்டளைகளைத் தமிழில் எழுத்துக்கூட்டித் தந்திருக்கிறேன். கீபோர்டில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டிக்கொள்ளுங்கள்.)

கே: தெரியாத்தனமாக ஒரு பைனரி கோப்பை 'கேட்' கட்டளையால் திறந்துவிட்டேன். அதற்குப் பிறகு என்ன தட்டினாலும் கோடும் பெட்டியுமாக வருகிறது. ஜன்னலை மூடிவிட்டுப் புதிதாகத் திறப்பதைத் தவிர வேறு வழி உண்டா? (பல்லாவரம்)

ப: மூடாதீர்கள்! இந்தப் பகுதியை எத்தனை முறை எழுதினாலும் முதலில் இதைத்தான் சொல்வேன். திரையில் என்ன தெரிந்தாலும் கவலைப்படாமல் 'ரீசெட்' என்று தட்டி என்டர் அழுத்துங்கள். என்டர் வேலை செய்யவில்லை என்றால் கன்ட்ரோலும் ஜே-யும்.

என்ன நடந்தது தெரியுமா? டெக் நிறுவனம் 1978-ல் கொண்டுவந்த விடி100 டெர்மினலில் கோடு, மூலை, பெட்டி வரைவதற்கென்றே தனி எழுத்துத் தொகுப்பு இருந்தது. இன்றைய டெர்மினல் நிரல்கள் எல்லாம் அந்த விடி100-இன் வாரிசுகள். உங்கள் பைனரியில் தற்செயலாக அமைந்த சில பைட்டுகளைத் திரை கட்டளையாக எடுத்துக்கொண்டு கோட்டுத் தொகுப்புக்கு மாறிவிட்டது. திரையை உற்றுப் பாருங்கள்: சிறிய எழுத்துகள்தான் கோடாகியிருக்கும். பெரிய எழுத்துகளும் எண்களும் அப்படியே இருக்கும், ஏனென்றால் அந்தத் தொகுப்பு பிடித்துக்கொண்டது சிறிய எழுத்துகளின் இடத்தையும் சில குறிகளின் இடத்தையும் மட்டுமே.

டெர்மினல் விவகாரத்தில் எப்போதும் இரண்டு தரப்பு உண்டு. நீங்கள் தட்டுவதை வாங்கி நிரலுக்குக் கொடுக்கும் கர்னல் ஒன்று, எழுத்தை வரையும் திரை இன்னொன்று. கர்னல் தரப்பைச் சரிசெய்ய 'எஸ்டிடிஒய்', திரைத் தரப்பைச் சரிசெய்ய 'டிபுட்', 'செட்டெர்ம்'. உங்களுக்குப் பிசகியது திரை. கர்னலிடம் 'எஸ்டிடிஒய் சேன்' என்று ஆயிரம் முறை சொன்னாலும் பெட்டிகள் போகாது. 'ரீசெட்' இரண்டு தரப்பையும் ஒரே தட்டில் சரிசெய்யும். அதனால்தான் அது எனக்குச் செல்லம்.

கே: டெர்மினலுக்கு எந்த நிறம் நல்லது? (ஈரோடு)

ப: இருட்டறையில் கறுப்பின் மேல் வெளிர்சாம்பல், வெயில் விழும் மேசையில் வெள்ளையின் மேல் கறுப்பு.

கே: சேமிப்பதாக நினைத்து கன்ட்ரோல்-எஸ் அழுத்தினேன். டெர்மினல் உறைந்துவிட்டது. மூடிவிட்டேன். (சிறுசேரி)

ப: மூடிவிட்டீர்களா! கன்ட்ரோல்-க்யூ அழுத்தியிருந்தால் விட்ட இடத்திலிருந்து அப்படியே ஓடியிருக்குமே. அது உறைவே இல்லை, நிறுத்தம். 1963-ல் வந்த டெலிடைப் மாடல் 33-இல் காகித நாடாவில் துளைகளாகப் பதிந்த தகவலைப் படிக்கும் கருவி இருந்தது. அதை ஓடவிட ஒரு குறி, நிறுத்த ஒரு குறி. அந்த இரண்டு குறிகள்தாம் இன்றைய கன்ட்ரோல்-க்யூவும் கன்ட்ரோல்-எஸ்ஸும். நாடா போய்விட்டது, குறிகள் தங்கிவிட்டன. வேண்டாமென்றால் 'எஸ்டிடிஒய் மைனஸ்-ஐஎக்ஸ்ஆன்'. கூடவே ஒரு லாபமும் உண்டு: பாஷ் ஷெல்லில் கன்ட்ரோல்-ஆர் அழுத்திப் பழைய கட்டளைகளைப் பின்னோக்கித் தேடுவீர்கள் அல்லவா, தாண்டிப் போய்விட்டால் கன்ட்ரோல்-எஸ் உங்களை முன்னோக்கி அழைத்துவரும். இத்தனை நாள் அந்தச் சாவியை ஐஎக்ஸ்ஆன் பறித்துவைத்திருந்தது.

கே: 'எஸ்டிடிஒய் மைனஸ்-ஏ' தட்டினால் என் புது லேப்டாப்பின் வேகம் 38400 பாட் என்று வருகிறது. இவ்வளவு மெதுவா? கடைசியில் 'என்எல்0 சிஆர்0 டேப்0' என்று ஏதேதோ வேறு. (மதுரை)

ப: இந்த மாதத்தின் தங்கக் கேள்வி! லேப்டாப்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் டெர்மினல் ஜன்னலுக்குப் பின்னால் கம்பியே கிடையாது. ஆனால் கர்னலின் படிவத்தில் 'வேகம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதை வெறுமையாக விட முடியாமல் 38400 என்று நிரப்பிவைத்திருக்கிறது. அந்த எண்ணை மாற்றினாலும் எழுத்து வரும் வேகம் துளியும் மாறாது.

அடுத்து அந்த 'சிஆர்0'. அதைப் பார்த்தாலே எனக்குக் குதூகலம் பிறக்கிறது. மாடல் 33 நொடிக்கு 10 எழுத்து அச்சடிக்கும். வரி முடிந்ததும் அச்சுத்தலை வலக்கோடியிலிருந்து இடக்கோடிக்குத் திரும்ப வேண்டும். இரும்பு அல்லவா, ஓர் எழுத்து அச்சாகும் நேரத்துக்குள் வந்து சேராது. அது பாதி வழியில் இருக்கும்போதே அடுத்த எழுத்தை அனுப்பினால், தறியில் நாடா மறுகரை சேரும் முன் மிதியை மிதித்த கதைதான்: எழுத்து வரியின் நடுவில் எங்கோ போய் விழும். அதனால் 'இடக்கோடிக்குப் போ', 'தாளை ஒரு வரி ஏற்று' என்று இரண்டு தனித்தனிக் குறிகள். இரண்டாவது குறி போய்ச் சேரும் நேரத்தில் தலை வீடு திரும்பிவிடும். அதுவும் போதாத இயந்திரங்களுக்காக யூனிக்ஸ் கொஞ்சம் காத்திருந்து அனுப்பியது. எவ்வளவு காத்திருப்பது என்று சொல்லும் அமைப்புதான் 'சிஆர்'. சிஆர்0 என்றால் காத்திருக்கவே வேண்டாம். புது வரிக்கு 'என்எல்', டேபுக்கு 'டேப்', பின்னோக்கி நகர 'பிஎஸ்' என்று ஒவ்வோர் அசைவுக்கும் தனிக் கணக்கு. கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் பெல் ஆய்வகத்தில் மாடல் 33-இல் தட்டிய காலத்து இயந்திரங்களுக்குப் போட்ட கணக்கு, உங்கள் லேப்டாப்பில் இன்றும் வரிசை கலையாமல் நிற்கிறது.

கே: எல்லாமே பெரிய எழுத்தில் வருகிறது. (ஓசூர்)

ப: 'எஸ்டிடிஒய் மைனஸ்-ஓஎல்சியுசி மைனஸ்-ஐயுசிஎல்சி'. மாடல் 33-இல் சிறிய எழுத்தே கிடையாது. பயனர் பெயரை முழுக்கப் பெரிய எழுத்தில் தட்டினால், பாவம் இவரிடம் இருப்பது அந்த இயந்திரம் என்று முடிவுகட்டிப் பழைய யூனிக்ஸ் எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கிக் கொடுத்தது.

கே: சீரியல் கேபிள் வழியாக சர்வரில் நுழைந்தால், என் திரை எவ்வளவு பெரிதானாலும் விஐ எடிட்டர் 24 வரிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. (கோவை)

ப: எஸ்எஸ்ஹெச் என்றால் திரையின் அளவும் கூடவே பயணம் போகும். சீரியல் கம்பியில் எழுத்து மட்டும்தான் போகும், உங்கள் திரை எவ்வளவு என்று சர்வருக்கு யார் சொல்வது? நீங்கள்தான்: 'எஸ்டிடிஒய் ரோஸ் 50 கால்ஸ் 160'. எண்ண முடியவில்லை என்றால் எக்ஸ்டெர்முடன் வரும் 'ரீசைஸ்' கட்டளையைப் போடுங்கள். அது செய்யும் தந்திரம் அபாரம். கர்சரை 999-ஆவது வரியில் 999-ஆவது கட்டத்துக்குப் போகச் சொல்லும். அவ்வளவு தூரம் இடமில்லாததால் கர்சர் கீழ் வலது மூலையில் முட்டி நிற்கும். உடனே, 'இப்போது எங்கே இருக்கிறாய்?' என்று கேட்கும். வரும் பதில்தான் திரையின் அளவு!

கே: நிறம் வரவில்லை என்பதால் பாஷ்ஆர்சி கோப்பில் டெர்ம் மாறியை 256 நிற எக்ஸ்டெர்ம் என்று எழுதிவைத்தேன். இப்போது டிமக்ஸுக்குள் கோளாறு. (திருச்சி)

ப: அந்த வரியை இன்றைக்கே அழியுங்கள். டெர்ம் என்பது உங்கள் விருப்பம் அல்ல, டெர்மினல் தன்னைப் பற்றிக் கொடுக்கும் வாக்குமூலம். சந்தையில் நூறு வகை டெர்மினல், ஒவ்வொன்றுக்கும் ஒரு பாஷை என்றிருந்த 1970-களின் இறுதியில், பெர்க்லியில் பில் ஜாய் அவற்றின் திறமைகளை ஒரே கோப்பில் திரட்டினார். அதுதான் டெர்ம்கேப். அதன் வழிவந்தது டெர்மின்ஃபோ. நிரல்கள் டெர்ம் மாறியின் பெயரைப் பார்த்து அந்தக் களஞ்சியத்தில் தேடித்தான் பேசுகின்றன. டிமக்ஸுக்குள் இருந்துகொண்டு 'நான் எக்ஸ்டெர்ம்' என்று நீங்கள் சாட்சி சொன்னால் நிரல் நம்பிவிடும், பிறகு கோளாறு வராமல் என்ன செய்யும்? நிறத்தை டெர்மினலின் அமைப்பிலோ டிமக்ஸின் அமைப்பிலோ கேளுங்கள். எத்தனை நிறம் கிடைக்கும் என்பதை 'டிபுட் கலர்ஸ்' சொல்லும்.

கே: எனக்குப் பார்வை குறைந்துகொண்டே வருகிறது. சர்வர் அறையில் லினக்ஸ் கன்சோலின் எழுத்து தெரியவில்லை. வேலையை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். (வேலூர்)

ப: எழுத்துக்காக வேலையை விடாதீர்கள். அதை மாற்ற முடியும். 1920-க்கு 1080 திரையில் வழக்கமான 8-க்கு 16 புள்ளி எழுத்து என்றால் வரிக்கு 240 எழுத்து, மொத்தம் 67 வரி. யாருக்குமே கடினம்தான். டெபியன், உபுண்டுவில் 'டிபிகேஜி-ரீகான்ஃபிகர் கன்சோல்-செட்டப்' என்று நிர்வாகியாக இருந்து தட்டுங்கள். எழுத்துருவில் டெர்மினஸ், அளவில் 16-க்கு 32 தேர்ந்தெடுங்கள். வரிக்கு 120 எழுத்து, 33 வரி. பழைய விடி100-இல் இருந்ததே 80-க்கு 24 தான், ஆகவே உங்கள் வேலைக்கு இந்த இடம் தாராளம். அடுத்த முறை இயந்திரம் எழும்போதும் இந்த அளவு நிலைத்திருக்கும். நிதானமாகப் படிக்கும்போது திரை தானாக இருண்டுவிடாமலிருக்க 'செட்டெர்ம் மைனஸ்-மைனஸ்-பிளாங்க் 0'.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பார்வை மேலும் குறைந்தாலும் இந்தத் தொழிலில் உங்களுக்கு இடம் உண்டு. கன்சோலில் ஒவ்வொரு கட்டத்திலும் என்ன எழுத்து என்பதை கர்னல் அறியும். அதை எடுத்து பிரெயில் பலகைக்குத் தரும் பிஆர்எல்டிடிஒய் இருக்கிறது, படித்துக் காட்டும் ஸ்பீக்கப் இருக்கிறது. வெறும் எழுத்தால் ஆன திரை என்பதால்தான் இவை இவ்வளவு நம்பகமாக ஓடுகின்றன. இப்போதே ஓய்வு நேரத்தில் பழகத் தொடங்குங்கள், தேவைப்படும் நாளில் கை தயங்காது.

கே: அதே கன்சோலில் தமிழ் ஏன் கட்டம் கட்டமாக வருகிறது? (யாழ்ப்பாணம்)

ப: கன்சோல் எழுத்துருவில் அதிகபட்சம் 512 வடிவம், ஒரு கட்டத்துக்கு ஒரு வடிவம். 'கொ' எழுத ககரத்தின் இரண்டு பக்கமும் குறி வர வேண்டும். இடம் மாற்றி அடுக்கும் வேலை கன்சோலுக்குத் தெரியாது. வரைகலை டெர்மினல்களில் எழுத்து சரியாக வந்தாலும், 'கொ' எத்தனை கட்டம் என்பதில் நிரலும் திரையும் வேறு வேறு கணக்கு வைத்தால் கர்சர் தடம்புரளும். இது எனக்கு ஆறாத மனக்குறை. தமிழ்க் கோப்பைத் திருத்த இப்போதைக்கு வரைகலை எடிட்டரைத் திறங்கள். கணினிப் படிப்பு மாணவர்கள் யாராவது இந்தக் கணக்கைக் கையில் எடுத்தால் நான் கைகூப்பி வரவேற்பேன்.

கே: கடவுச்சொல் தட்டும்போது எதுவும் தெரிவதில்லை. (தஞ்சாவூர்)

ப: தெரியவும் கூடாது. தட்டி முடித்த பிறகும் எதுவும் தெரியாவிட்டால் மட்டும் 'எஸ்டிடிஒய் எக்கோ'.

கே: பேக்ஸ்பேஸ் அழுத்தினால் அழியாமல் தொப்பிக்குறியும் கேள்விக்குறியும் விழுகின்றன. (நாகர்கோவில்)

ப: எந்தச் சாவி அழிப்பான் என்று கர்னலுக்குத் தவறாகச் சொல்லப்பட்டிருக்கிறது. 'எஸ்டிடிஒய் இரேஸ்' தட்டி ஓர் இடம் விடுங்கள், கன்ட்ரோல்-வி அழுத்துங்கள், அடுத்து அந்த பேக்ஸ்பேஸையே அழுத்தி என்டர். தீர்ந்தது. பழைய யூனிக்ஸில் ஓர் எழுத்தை அழிக்க # குறி, முழு வரியையும் அழிக்க @ குறி. அந்த டெர்மினலில் உங்கள் மின்னஞ்சல் முகவரியைத் தட்டினால், @ வந்த நொடியில் முன்னால் இருந்த உங்கள் பெயரே காணாமல் போயிருக்கும்!